ஃபெராரி ஒயினுக்கும் ஃபெராரி காருக்கும் சம்பந்தம் உண்டா, புரோசெக்கோவைவிட அது ஏன் இவ்வளவு விலை?

நீங்கள் கேட்டது இரண்டு கேள்விகள். வெரோனாவில் ஒரு கடையில் "ஃபெராரி" என்று எழுதிய ஸ்பார்க்ளிங் ஒயின் பாட்டிலைப் பார்த்திருக்கிறீர்கள், அது கார் கம்பெனி விற்பதா என்பது ஒன்று. பக்கத்து அலமாரியில் இருந்த புரோசெக்கோ என்ற இன்னொரு இத்தாலியக் குமிழி ஒயினைவிட அது ஏன் இரண்டு மூன்று மடங்கு விலை, இரண்டிலும் குமிழிதானே வருகிறது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு "இல்லை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். இரண்டாவதுக்குத்தான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும். ஃபெராரி ஒயின் செய்யப்படும் வட இத்தாலியின் ட்ரெந்தோ நகருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஒயின் கிடங்கில் இரண்டு அறுவடைக் காலம் வேலை பார்த்திருக்கிறேன், அந்த ஊர் ஒயின் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு, அதனால் பதில் நீளமாகத்தான் வரும்.

முதலில் பெயர். ஃபெராரி இத்தாலியில் மிகச் சாதாரணமான குடும்பப் பெயர், கொல்லர் தொழிலிலிருந்து வந்தது. தெருவுக்கு ஒரு ஃபெராரி இருப்பார் என்று சொன்னால்கூடத் தப்பில்லை. ஒயின் ஃபெராரியைத் தொடங்கியவர் ஜூலியோ ஃபெராரி, ஆண்டு 1902. கார் செய்த என்ஸோ ஃபெராரி பிறந்தது 1898ல், அதாவது ஒயின் வெளிவந்தபோது அவர் 4 வயதுக் குழந்தை. உறவும் இல்லை, பங்கும் இல்லை. 2021 முதல் 2024 வரை ஃபார்முலா 1 பந்தயங்களில் வென்றவர்கள் மேடையில் பீய்ச்சியடித்தது இந்த ட்ரெந்தோ ஃபெராரியைத்தான், அதனால் குழப்பம் இன்னும் கூடிவிட்டது. அந்த மேடையில் கார் ஃபெராரி ஓட்டுநர் தோற்று மற்றவர் ஜெயித்தாலும் கையில் இருந்தது ஃபெராரிதான்.

ஜூலியோவின் கதையைச் சொல்லாமல் ஒயினைப் பற்றிப் பேச முடியாது. 1902ல் ட்ரெந்தோ இத்தாலியிலேயே இல்லை, ஆஸ்திரிய ஹங்கேரியப் பேரரசின் தெற்கு ஓரத்தில் இருந்த மலை நகரம். பக்கத்தில் சான் மிக்கேலே என்ற ஊரில் 1874ல் தொடங்கிய வேளாண்மைப் பள்ளி ஒன்று உண்டு, இன்றும் நடக்கிறது, திராட்சை ஆராய்ச்சியில் பெரிய பெயர். அங்கே படித்துவிட்டு பிரான்ஸில் மோன்பெல்லியேவுக்கும், ஷாம்பெயின் பகுதியின் எபெர்னே ஊருக்கும் போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்தார். எபெர்னேயில் ஷார்டனே திராட்சை குளிர்ந்த மண்ணில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தவருக்குத் தன் ஊர் மலைச்சரிவுகள் ஞாபகத்துக்கு வந்திருக்கின்றன. அந்தக் காலத்தில் இத்தாலியில் ஷார்டனேயையும் பினோ பியாங்கோ என்ற இன்னொரு வெள்ளைத் திராட்சையையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டிருந்தார்கள், தனியாக யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. கொடியைக் கொண்டுவந்து பரவலாக நட்டவர் இவர். வருடத்துக்குக் கொஞ்சம் பாட்டில்தான் செய்தார், கூட்டவே இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கவும் இல்லை. 1906ல் மிலான் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கிய பிறகும் அப்படியேதான்.

அவருக்குப் பிள்ளைகள் கிடையாது. வயது எழுபதைத் தாண்டியபோது யாரிடம் ஒப்படைப்பது என்று தேடி, 1952ல் ட்ரெந்தோ நகரில் ஒயின் கடை வைத்திருந்த புரூனோ லுனெல்லியைத் தேர்ந்தெடுத்தார். அப்போது ஆண்டு உற்பத்தி 10,000 பாட்டிலுக்கும் குறைவு. லுனெல்லி கடன்பட்டு வாங்கியது பெரும்பாலும் ஒரு பெயரையும் ஒரு பழக்கத்தையும்தான். விற்ற பிறகும் ஜூலியோ 1965ல் சாகும்வரை கிடங்குக்கு வந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். புதிய முதலாளிக்குப் பக்கத்திலேயே பழைய முதலாளி 13 வருடம் நின்று தொழில் சொல்லிக்கொடுத்த இடம் இது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அதுதான். புரூனோவின் மகன்கள் ஜீனோ, ஃபிராங்கோ, மௌரோ காலத்தில் வளர்ந்தது, இப்போது பேரப்பிள்ளைகள் நடத்துகிறார்கள். உற்பத்தி ஆண்டுக்குப் பல லட்சம் பாட்டில்களுக்குப் போய்விட்டது. ஆனால் ஃபெராரி பெயரில், ஆரம்பத்தில் செய்த முறையைத் தவிர வேறு முறையில் ஒரு பாட்டில்கூடக் குமிழி ஒயின் செய்ததில்லை.

சரி, அந்த முறைக்கு வருவோம். அதற்கு முன்னால் மலை.

ஆதிஜே என்ற ஆறு வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது, அதன் இரண்டு பக்கமும் சுவர் போல மலை. திராட்சைத் தோட்டங்கள் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டரில் தொடங்கி 900 மீட்டர் வரை ஏறுகின்றன. கோடையில் பகலில் நல்ல வெயில், மதியத்துக்கு மேல் கார்தா ஏரிப் பக்கமிருந்து ஒரு காற்று வரும், ஊரில் அதை "ஓரா" என்பார்கள், இலையெல்லாம் சலசலத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டு போய்விடும். ராத்திரியில் மலைக்குளிர் இறங்கிவிடும். ஆகஸ்டில்கூட அதிகாலை அறுவடைக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன், பத்து மணிக்கெல்லாம் அதைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். பகலில் பழம் மணத்தைச் சேர்க்கும், ராத்திரிக் குளிர் புளிப்பைக் காப்பாற்றும். குமிழி ஒயினுக்கு இந்தப் புளிப்புதான் முதுகெலும்பு. வெப்பமான சமவெளியில் சர்க்கரை ஏறுவதற்குள் புளிப்பு போய்விடும், அப்படிப்பட்ட பழத்தில் குமிழி ஏற்றினால் வாயில் சப்பென்று கிடக்கும், நீங்கள் எத்தனை வருடம் காத்திருந்தாலும் அது தேறாது.

அதனால் பழம் முழுக்கப் பழுப்பதற்கு முன்னாலேயே பறித்துவிடுவார்கள், பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவுக்குள். கையால்தான் பறிக்க வேண்டும், அது சட்டம். அந்த ஊரில் பழைய தோட்டங்கள் பந்தல் முறையில் இருக்கும், கொடி தலைக்கு மேலே சரிவாகப் படர்ந்து கொத்துகள் கீழே தொங்கும், இடது கையால் கொத்தைத் தாங்கி வலது கையால் வெட்ட வேண்டும். ஒரு மணி நேரத்தில் சாறு மணிக்கட்டு வழியாக முழங்கை வரை வழிந்து பிசுபிசுவென்று ஒட்டும், குளவி சுற்றும். பறித்ததைச் சின்னப் பெட்டியில்தான் போடுவார்கள், பெரிய தொட்டியில் கொட்டினால் அடியில் இருக்கும் பழம் நசுங்கி, சாறு காற்றுப் பட்டுப் பழுப்பாகிவிடும். பினோ நேரோ போன்ற கறுப்புத் திராட்சையாக இருந்தால் தோலின் நிறமும் இறங்கிவிடும். கறுப்புப் பழத்திலிருந்து வெள்ளைச் சாறு எடுக்க வேண்டும் என்றால் கொத்தை முழுசாக, காம்போடு, பிழிபொறியில் வைத்து மெல்ல அழுத்த வேண்டும். முதலில் வரும் சாறுதான் நல்லது. கடைசியில் வருவதைத் தனியாக ஒதுக்கிவிடுவார்கள்.

இந்தச் சாறு முதல் தடவை தொட்டியில் நொதித்துச் சாதாரண வெள்ளை ஒயினாகிறது. குளிர்காலத்தில் அதை ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தார்கள், வாயில் வைத்ததும் பல் கூசியது. பச்சை ஆப்பிளையும் எலுமிச்சையையும் சேர்த்துக் கடித்தது போல இருந்தது. இதைப் போய் யார் குடிப்பார்கள் என்று அப்போது நினைத்தேன். ஆனால் கிடங்கில் இருந்த பெரியவர், நாற்பது வருடம் அந்த வேலையில் இருந்தவர், அதே கிளாஸை முகர்ந்துவிட்டு "இது 5 வருஷம் தாங்கும்" என்றார். அவர் இன்றைய ருசியைப் பார்க்கவே இல்லை, எத்தனை நாள் தாங்கும் என்பதை மட்டும் பார்த்தார்.

வசந்த காலத்தில் பல தோட்டத்து ஒயின்களைக் கலந்து பாட்டிலில் அடைக்கிறார்கள். அடைக்கும்போது லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் கொஞ்சம் ஈஸ்டும் சேர்ப்பார்கள். இதை "திராஜ்" என்கிறார்கள், பிரெஞ்சுச் சொல். மூடி குளிர்பான பாட்டிலுக்குப் போடும் அதே தகர மூடிதான். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் விடும். வாயு போக இடமில்லாமல் ஒயினுக்குள்ளேயே கரையும். 4 கிராம் சர்க்கரைக்கு ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், 24 கிராமுக்கு 6. கார் டயரில் இருப்பதைப் போல இரண்டரை மடங்கு. அதனால்தான் இந்த பாட்டில்கள் அவ்வளவு கனம், காலி பாட்டிலே 800 கிராமுக்கு மேல் இருக்கும். கண்ணாடியில் மயிரிழை அளவு குறை இருந்தால் போதும், கிடங்கிலேயே வெடிக்கும். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு நாள் காலை கதவைத் திறந்தபோது தரையெல்லாம் ஈஸ்ட் வாடை. ராத்திரி ஒன்று வெடித்து, பக்கத்தில் இருந்த இரண்டையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. அடுக்கைப் பிரிக்கும்போது முகத்துக்குக் கம்பிவலைக் கவசம் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள், ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

குமிழி ஏறுவதற்கு ஒன்றிரண்டு மாதம் போதும். நீங்கள் கொடுக்கும் விலை இதற்கு அப்புறம் நடப்பதற்குத்தான்.

சர்க்கரை தீர்ந்ததும் ஈஸ்ட் சாகிறது. செத்த ஈஸ்ட் படுக்கவைத்த பாட்டிலின் பக்கவாட்டில் வெண்மையான மண்டியாகப் படிகிறது. அதை உடனே எடுக்க மாட்டார்கள். 12 டிகிரி அளவில் இருக்கும் இருட்டான கிடங்கில், ஒருவர் கையும் படாமல், மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். செத்த ஈஸ்டின் உடல் தன்னுடைய நொதிகளாலேயே மெதுவாகக் கரையும். அதன் செல் சுவரிலிருந்து புரதமும் சர்க்கரையும் கலந்த பொருள்கள் ஒயினுக்குள் இறங்கும். குமிழி சின்னதாக, மெத்தென்று இருப்பது அதனால்தான். ரொட்டியின் மேலோட்டு வாசம், பிஸ்கட், வறுத்த ஹேசல்நட் என்றெல்லாம் சொல்கிறார்களே, அந்த மணமும் திராட்சையில் இருந்தது இல்லை, இந்த மண்டியிலிருந்து வந்தது. இன்னொன்றும் செய்கிறது, உள்ளே புகும் கொஞ்சநஞ்ச ஆக்ஸிஜனை மண்டியே உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் மண்டியோடு கிடக்கும்வரை ஒயின் இளமையாகவே இருக்கும், எடுத்த நாளிலிருந்துதான் அதற்கு வயசாக ஆரம்பிக்கும்.

இதற்கு அவசரவழி எதுவும் இல்லை. அதனால்தான் சட்டமும் மாதத்தை எண்ணிப் பேசுகிறது. 1993ல் வந்த ட்ரெந்தோ டி.ஓ.சி. (ஊர்ப் பெயரைப் போட்டுக்கொள்வதற்கான இத்தாலியச் சட்டத் தகுதி) விதிப்படி அறுவடை ஆண்டு போடாத பாட்டில் மண்டியோடு குறைந்தது 15 மாதம், ஆண்டு போட்டது 24, "ரிசெர்வா" என்ற உயர்ந்த வகை என்றால் 36 மாதம். மேற்கே லொம்பார்தியில் இருக்கும் ஃபிரான்சாகோர்த்தா என்ற குமிழி ஒயின் பகுதி இன்னும் கண்டிப்பு, 18, 30, 60 மாதம். ஃபெராரியின் பெர்லே வகை இந்தக் குறைந்தபட்சத்தையெல்லாம் தாண்டி 4, 5 வருடம் கிடக்கிறது. யோசித்துப் பாருங்கள், இன்றைக்குப் பழம் வாங்கிய காசு, பாட்டில் காசு, கூலி எல்லாம் இருட்டில் அத்தனை வருடம் முடங்கிக் கிடக்கிறது, வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் அந்த மண்டியை வெளியே எடுக்க வேண்டும், குமிழியை விடாமல். ஓட்டை போட்ட சாய்வுப் பலகையில் பாட்டிலின் கழுத்தைச் செருகி, ஒவ்வொரு நாளும் கால் சுற்றோ அரைக்கால் சுற்றோ திருப்பிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகீழாக்குவார்கள். கையால் செய்தால் 4 முதல் 6 வாரம் ஆகும். கைப்பழக்கம் உள்ளவர் இரண்டு கையாலும் இரண்டு பாட்டிலைப் பிடித்து ஒரே சமயத்தில் டக் டக்கென்று திருப்பிக்கொண்டே போவார், ஒரு நாளில் பல ஆயிரம் முடிப்பார். பெரிய கிடங்குகளில் இப்போது 504 பாட்டில் வைத்த கூண்டை இயந்திரம் திருப்புகிறது, ஒரு வாரத்தில் முடிந்துவிடும். இதில் ருசிக்கு எந்த வித்தியாசமும் இல்லை என்பது என் கருத்து. "கையால் திருப்பியது" என்று எழுதி அதற்காகக் கூடுதல் காசு கேட்டால் நான் கொடுக்க மாட்டேன்.

மண்டி முழுக்கக் கழுத்தில் வந்து சேர்ந்ததும் கழுத்தை மட்டும் மைனஸ் 25 டிகிரிக் குளிர்க்கரைசலில் முக்குவார்கள். அங்கே ஒரு பனிக்கட்டி உருவாகி மண்டியைப் பிடித்துக்கொள்ளும். மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கும் அழுத்தம் அந்தக் கட்டியைத் துப்பாக்கிக் குண்டு போலத் தள்ளிவிடும். இதற்கு இத்தாலியில் "ஸ்போக்கத்தூரா" என்று பெயர். பனிக்கட்டி இல்லாமல் எங்கள் கிடங்குப் பெரியவர் வெறும் கையால் செய்வதையும் பார்த்திருக்கிறேன். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, நிமிர்த்திக்கொண்டே இடுக்கியால் மூடியை நெம்புவார், உள்ளே இருக்கும் காற்றுக்குமிழி கழுத்துக்கு ஏறி வரும் அந்த நொடியில் மூடி போக வேண்டும், உடனே கட்டைவிரலால் அடைக்க வேண்டும். அரை நொடி முந்தினால் பாதி ஒயின் போய்விடும், பிந்தினால் மண்டி மறுபடி கலங்கிவிடும். அந்தப் பெரியவர் அடைத்த கையோடு பாட்டிலை மூக்குக்குக் கொண்டுபோய் ஒரு முறை முகர்ந்து பார்ப்பார், ஒவ்வொன்றையும். கெட்டுப்போனது அங்கேயே பிடிபடும்.

குறைந்த அளவை ஈடுகட்ட அதே ஒயினோடு கொஞ்சம் சர்க்கரை கலந்து ஊற்றுவார்கள். லிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழ் இருந்தால் "புரூட்", 6 வரை "எக்ஸ்ட்ரா புரூட்", சர்க்கரையே சேர்க்காமல் 3க்குக் கீழ் இருந்தால் "பா தோசே". "எக்ஸ்ட்ரா டிரை" என்று எழுதியிருந்தால் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது புரூட்டைவிட இனிப்பு, 12 முதல் 17 கிராம்.

இனி புரோசெக்கோ. அது கிளேரா என்ற வேறு திராட்சை, வடகிழக்கு இத்தாலியில் வெனெத்தோ, ஃபிரியூலி பக்கம் விளைவது. இரண்டாவது நொதித்தல் பாட்டிலில் நடக்காது, அழுத்தம் தாங்கும் பெரிய எஃகுத் தொட்டியில் நடக்கும். இந்த முறையைக் கண்டுபிடித்து 1895ல் காப்புரிமை வாங்கியவர் ஃபெதெரிகோ மார்த்தினோத்தி, இத்தாலியின் ஆஸ்தி நகரில் ஒயின் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தவர். பிரெஞ்சுக்காரர் ஷார்மா பிறகு அதை மேம்படுத்தினார். சில வாரங்களில் தயார், வடிகட்டி அடைத்துவிடலாம். பேரிக்காய், வெள்ளைப் பூ மணம் புத்தம் புதிதாக இருக்கும். அதைக் குறைவாகப் பேச எனக்கு மனம் வராது, வெயில் நேரத்தில் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கிளாஸ் புரோசெக்கோ நன்றாகவே இருக்கும். அது பழத்தின் புதுமையைக் காப்பாற்றச் செய்யும் ஒயின், ஃபெராரி காலத்தை உள்ளே வாங்கிக்கொள்ளச் செய்யும் ஒயின். இரண்டையும் ஒரே அலமாரியில் வைப்பதால் வரும் குழப்பம்தான் உங்களுக்கு வந்தது.

காலம் என்றேனே, அதற்கு இந்தக் குடும்பத்திலேயே ஒரு கதை உண்டு. புரூனோவின் மகன் மௌரோ ஒயின் தொழில் படித்தவர். 1972 அறுவடையில் மலைமேல் இருக்கும் மாஸோ பியானிட்ஸா தோட்டத்து ஷார்டனேயில் சில ஆயிரம் பாட்டிலை, அண்ணன்களிடம் சொல்லாமல், கிடங்கில் ஒதுக்கி வைத்தார் என்கிறார்கள். அந்தக் காலத்தில் இத்தாலிய ஸ்பூமாந்தே, அதாவது குமிழி ஒயின், இத்தனை வருடம் தாங்கும் என்று யாரும் நம்பவில்லை. 8 வருடம் கழித்து அண்ணன்களுக்கு ஊற்றிக் கொடுத்தார். 1980ல் அது "ஜூலியோ ஃபெராரி ரிசெர்வா தெல் ஃபோந்தாத்தோரே" என்று வெளியே வந்தது, தொழிலைத் தொடங்கியவர் பெயரிலேயே. இப்போது அது மண்டியோடு 10 வருடத்தை ஒட்டிக் கிடந்த பிறகே வெளிவருகிறது. நான் ஒரே ஒரு தடவை குடித்திருக்கிறேன், நாலு பேர் காசு போட்டு வாங்கினோம். தேன், வறுத்த பருப்பு, அதற்கு அடியில் அந்தப் பல் கூசும் புளிப்பு இன்னும் உயிரோடு இருந்தது. கிளாஸில் குமிழி அடங்கிய பிறகும் ஒயின் அடங்கவில்லை.

நீங்கள் வாங்குவதாக இருந்தால் நேராக அதற்குப் போக வேண்டாம், விலையும் அதிகம், முதல் தடவையில் அதன் அருமையும் பிடிபடாது. சாதாரண ஃபெராரி புரூட் ஒன்றும் பெர்லே ஒன்றும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள், இரண்டும் முழுக்க ஷார்டனே, மண்டியில் கிடந்த காலம்தான் பெரிய வித்தியாசம், நான் மேலே எழுதியதெல்லாம் அந்த இரண்டு கிளாஸில் இருக்கிறது. பின் லேபிளில் ஸ்போக்கத்தூரா என்று ஒரு தேதி போட்டிருந்தால் பாருங்கள், மண்டி எடுத்த நாள் அது. கடை வெளிச்சத்தில் வருடக்கணக்கில் நின்ற பாட்டிலை வாங்காதீர்கள். 8 முதல் 10 டிகிரியில் குடிக்கலாம், ஒல்லியான நீளக் கிளாஸைவிட வயிறு அகன்ற வெள்ளை ஒயின் கிளாஸில் மணம் நன்றாக ஏறும்.

திறக்கும்போது கம்பியை ஆறு அரைச்சுற்று சுற்றினால் தளரும், தளர்த்திய கணத்திலிருந்து கட்டைவிரலைத் தக்கையிலிருந்து எடுக்கக் கூடாது. தக்கையை அசையாமல் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள். வெடிச்சத்தம் கேட்கக் கூடாது, பெருமூச்சு விட்டது போல "உஸ்" என்று வந்தால் சரியாகத் திறந்திருக்கிறீர்கள். வெரோனாவிலிருந்து ட்ரெந்தோவுக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், கிடங்கு நகருக்குத் தெற்கே ரவீனாவில் இருக்கிறது, முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுப் போங்கள், அடுக்கடுக்காக பாட்டில் படுத்திருக்கும் அந்த அறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.